வெளியே போக ஒரே வாசல்

"முடியல சார், என்ன பண்ணியும் வெளிய போகல!" என்று இளவேனில் கத்தினாள். முகமெல்லாம் சந்தோஷம்.

மேனேஜர் வெங்கடராமன் குனிந்து திரையைப் பார்த்தார். கஸ்டமர் ஃபைலின் பெயருக்கு எதிரே 'தடுக்கப்பட்டது' என்று சிவப்பில் வந்திருந்தது.

"பேஷ்" என்றார்.

கம்பெனியின் சொந்த கிளவுடில் ஓடும் மெஷின்களிலிருந்து எதுவும் நேராக இணையத்துக்குப் போகக் கூடாது. ஒரே வாசல் வழியாக, அனுமதித்த முகவரிகளுக்கு மட்டுமே போகலாம். அந்த வாசலைக் கட்டியவள் இளவேனில்.

அதைத் திருடன் மாதிரி உடைத்துப் பார்க்கச் சொன்னவர் வெங்கடராமன். மதியம் கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

"டம்மி ஃபைல் எதுக்கும்மா? நெஜ கஸ்டமர் ஃபைலையே உன் சொந்த ஆன்லைன் டிரைவுக்கு அனுப்பிப் பாரு. திருடன் அதைத்தானே செய்வான்?"

"நீங்க சொன்னதா சிஸ்டத்துல ஒரு டிக்கெட் போட்டுடுங்க சார். ரெக்கார்டுல இருக்கட்டும்."

"நம்ம வீட்டுக் கதவை நாமே தட்டிப் பாக்க டிக்கெட்டா? சும்மா போய்ச் செய்ம்மா."

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டீம்ல ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கறாங்களாமே சார். ஆம்பூர்ல அப்பாவுக்கு டயாலிசிஸ். கம்பெனி இன்சூரன்ஸ்லதான் ஓடுது."

"உன்னையா? வாசலைக் கட்டினவளை அனுப்பிட்டு யாரை வச்சுப் பூட்டறது?"

இப்போது வேலை முடிந்து அவள் பையை எடுக்கும்போது எச்.ஆரிலிருந்து அழைப்பு வந்தது.

"உன்னை டீம் லீட் ஆக்கப் போறாங்கடி. மைசூர் பாக் வாங்காம இந்தப் பக்கம் வந்துடாதே" என்றாள் பக்கத்து சீட் தீபிகா.

எச்.ஆர். அறையில் அதிகாரி ஸ்னேஹாவுக்குப் பக்கத்தில் வெங்கடராமனும் உட்கார்ந்திருந்தார். இளவேனிலுக்குத் தெம்பு வந்தது.

"இன்னைக்கு கஸ்டமர் ஃபைலை உங்க சொந்த டிரைவுக்கு அனுப்ப ட்ரை பண்ணீங்களா?" என்று ஸ்னேஹா கேட்டாள்.

"ஆமா மேடம். தெரிஞ்ச வழியெல்லாம் பாத்துட்டேன். ஒண்ணுலகூடப் போகல!"

டைப் அடித்துக்கொண்டிருந்த ஸ்னேஹாவின் விரல்கள் நின்றன. "யார் சொல்லிச் செஞ்சீங்க?"

"சார்தான் சொன்னாரு."

ஸ்னேஹா திரும்பினாள். வெங்கடராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

"நானா? இப்பத்தான் கேள்விப்படறேன்."