மூன்றாவது ஈடு

தேசப்பன் தள்ளிய வேகத்தில் தட்டு மேஜை விளிம்புவரை போனது. விழுவதற்குள் அனுசுயா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாமா, வேகலையா?"

மாமனார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருபத்தெட்டு வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அவர். ஏழு மாதமாக மருமகள் வைத்த எதையும் நன்றாயிருக்கிறது என்றோ, இல்லையென்றோ அவர் சொன்னதில்லை. பாதி தின்பார், மீதியைத் தள்ளிவிடுவார். இந்த வாரம் எல்லாவற்றையுமே தள்ளினார்.

அவள் இன்று செய்தது ராவியோலி. மைதா மாவுக்குள் பூரணம் வைத்து மூடி, தண்ணீரில் வேகவைக்கிற இத்தாலிப் பண்டம். கப்பலிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அவரே செய்து பிள்ளைகளுக்குப் போட்டது.

தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். நடுவில் பதமாக இருந்தது. ஓரம் மட்டும் செருப்புத் தோல் மாதிரி இழுத்தது.

"உடு அனு. கஞ்சி வெச்சிக் குடு" என்றான் அவள் கணவன் ஹேமநாதன். அரக்கோணத்தில் ரயில்வே வேலை அவனுக்கு. மத்தியான டூட்டிக்குப் போக வேண்டும்.

"கஞ்சியத் தொடவே மாட்டேங்கறாருங்க. நேத்து பூரா ரெண்டு டம்ளர் மோருதான். சட்டையப் பாருங்க, எப்டித் தொளதொளன்னு தொங்குது."

ஹேமநாதன் பார்த்தான். பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

இரண்டாவது ஈட்டை அவசரத்தில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். அத்தனையும் வாய் பிளந்துகொண்டன. பனீரும் கீரையும் வெளியே வந்து பாத்திரமே பச்சையாகிவிட்டது.

அடுப்பை அணைத்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நாலு முறை நடந்தாள். கூடத்தில் தேசப்பன், வலது கை மடியில் அசையாமல் கிடக்க, இடது கை விரல்களால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மலைக்கோயிலுக்குப் போகிற வேன்கள் தெருவில் விடாமல் ஹாரன் அடித்தன.

"இன்னொரு வாட்டி செய்யறேன் மாமா. எழுந்து போய்டாதீங்க."

புதிதாக மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினாள். அரைமணி ஊறட்டும் என்று வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

அப்புறம் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் திரட்டினாள். பூரணம் கொஞ்சமாக வைத்து, உள்ளே காற்று நிற்காமல் அழுத்தி மூடினாள். இரண்டு மாவு சேர்கிற ஓரம்தான் தடிப்பு என்று இப்போது புரிந்திருந்தது. அதைச் சுற்றிலும் நசுக்கி ஒற்றை மாவின் கனத்துக்குக் கொண்டுவந்தாள்.

தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, லேசாகத் தளும்பும்போது ஒவ்வொன்றாக இறக்கினாள். மேலே மிதந்து வந்த பிறகும் அவசரப்படவில்லை. ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிள்ளினாள். வெண்ணெய் மாதிரி விரலோடு வந்தது.

"ட்ரெய்னுக்கு நேரமாவுது, நான் கெளம்பறேன்" என்று வாசலில் ஷூவைத் தேடிக்கொண்டே ஹேமநாதன் குரல் கொடுத்தான்.

அவள் காதில் விழவில்லை. நெய் விட்டுப் புரட்டி, தட்டை மாமனார் முன்னால் வைத்தாள். ஸ்பூனை அவருடைய இடது கையில் கொடுத்தாள்.

தேசப்பன் ஸ்பூன் விளிம்பால் ஓரத்தை அழுத்தினார். அது பிரிந்து கொடுத்தது. ஒரு வாய் தின்றார். மென்றுகொண்டே கண்ணை மூடினார். இரண்டாவது, மூன்றாவது. அனுசுயா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

தட்டு காலியானது. அவர் ஸ்பூனை வைத்துவிட்டு, வெகுநேரம் மருமகளையே பார்த்தார். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"உப்பு... பத்தல."

அனுசுயாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்; அழுகையை அடக்க முடியவில்லை.

வாசலிலிருந்து ஹேமநாதன் ஒற்றை ஷூவோடு உள்ளே ஓடி வந்தான்.

"அனு, நைனாவுக்குப் பேச்சு வந்துடுச்சி!"