இரண்டே எழுத்து

எழுத்துகளைக் கோத்து ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டு; திண்டுக்கல் இறுதிப்போட்டி. நாலு புள்ளி முன்னிலையில் இருந்தான் மோகன்குமார். எதிரே உட்கார்ந்திருந்த போன வருடச் சாம்பியன் கிளாரா, பலகையில் இரண்டே எழுத்துகளை வைத்தாள். ஓ, கே.

ஓகே! ஊரே நாள் முழுக்கச் சொல்லும் சொல்தான். ஆனால் போட்டி அகராதியில் கிடையாது. ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் போக வர, கிளாரா கொடுத்த அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தவன் அவன்.

"இது செல்லாது சார்."

"யோசிச்சுச் சொல்லுப்பா," என்றார் நடுவர் சூசைமுத்து. "புக்குல இருந்துச்சுன்னா உன் டர்ன் போயிரும்."

"இல்லீங்க சார். பாருங்க."

நடுவர் தன் மேஜை மேலிருந்த அகராதியைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"செல்லும்."

அவன் டர்ன் போனது. மிச்ச எழுத்துகளையும் வைத்து முடித்து, கிளாரா மறுபடி சாம்பியன் ஆனாள்.

மோகன் கிளாராவிடம் திரும்பினான். "எப்படிக்கா? நீங்க குடுத்த புக்குல இது இல்லவே இல்லையே!"

கிளாரா எழுத்துகளைப் பைக்குள் அள்ளிப் போட்டாள்.

"புதுப் பதிப்பு வாங்கிட்டதாலதான தம்பி, பழசை உனக்குக் குடுத்தேன்."