ஒரு மணி நேர ரூல்

"இன்னா நர்சம்மா, மனசாட்சி கீதா உனுக்கு? புள்ளத்தாச்சிப் பொண்ணை ஒரு மணி நேரமா மரத்தடியில குந்த வெச்சுகீறியே!"

கமலத்தின் குரலுக்கு, சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க நின்றிருந்த வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் நிவேதிதா அசரவில்லை.

"ரூல்மா. ஒரு மணி நேரம் மரத்தடியில காத்தோட்டமா உக்காந்த பிறகுதான் உங்க மருமகளுக்கு பி.பி. பாக்கணும். வாரத்துக்கு மூணு நாள்."

"மத்தவங்கல்லாம் பத்து நிமிசத்துல போய்க்கினே இருக்காங்களே?"

"அவங்க கார்டு வேற. ரேணுகா கார்டுல சீல் இருக்கு பாருங்க."

சீல் என்றதும் கமலம் அடங்கினாள். முணுமுணுத்துக்கொண்டே போய், புங்கமர நிழலில் மருமகள் ரேணுகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உண்மையில் அப்படியொரு ரூல் எந்த ஊரிலும் கிடையாது. நிவேதிதா கட்டிவிட்ட கதை.

கள்ளிக்குப்பத்தில் ரேணுகாவின் வீட்டுக்கு ஒருமுறை போனபோது அவளுக்கே மூச்சு முட்டியது. இடப்பக்கம் லேத் பட்டறை, வலப்பக்கம் பெயின்ட் அடிக்கிற ஷெட். ஜன்னலைத் திறந்தால் தின்னர் நெடி, மூடினால் புழுக்கம். தெரு முழுக்கத் தேடினாலும் ஒரு செடி கிடையாது. முதல் குழந்தை ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்து, இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்ததாம். இப்போது ரேணுகாவுக்கு ஆறாம் மாதம். இந்தக் குழந்தைக்கும் எடை பத்தவில்லை என்றது ஸ்கேன் ரிப்போர்ட்.

சத்து மாத்திரை கொடுத்தாயிற்று. முட்டை, கீரை எல்லாம் சொல்லியாயிற்று. பயிற்சி வகுப்பில் கேட்ட இன்னொரு விஷயமும் நிவேதிதாவின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மரம் செடிக்குப் பக்கத்தில் வசிக்கிற தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம் எடை கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். ஏன் என்று வகுப்பெடுத்த டாக்டருக்கே அடித்துச் சொல்லத் தெரியவில்லை. நல்ல காற்றா, நடையா, மன நிம்மதியா?

எதுவாக இருந்தால் என்ன, செய்து பார்ப்போமே என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர்கள் வீட்டில் அதைச் சொன்னதும், "மாசமா இருக்கிறவ மரத்தடிக்குப் போனா காத்து கருப்பு அண்டும்" என்று ரேணுகாவின் மாமனார் சம்பந்தம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். கமலமும் பக்கத்திலேயே நின்று தலையாட்டினாள்.

அதனால்தான் இந்த ரூலும் சீலும்.

ஒன்று மட்டும் நிவேதிதாவுக்கு விளங்கவே இல்லை. இத்தனை திட்டுத் திட்டுகிற கமலம் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே ஆஜர். பி.பி. பார்த்து முடித்தாலும் கிளம்பமாட்டாள்.

"முட்டி வலிக்குது. கொஞ்சம் குந்திட்டுப் போறேன்" என்பாள்.

அந்த முட்டிவலிக்காரி, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கிடையில் மூன்று சுற்று நடப்பதை நிவேதிதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இது என்ன கூத்து என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

சம்பந்தம் ஆட்டோவில் கூட வருகிற நாளில் கமலத்தின் சத்தம் இரண்டு மடங்காகும். முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் நின்று, வருகிறவர்களின் பாஸில் சீல் இருக்கிறதா என்று பார்த்தவர் அவர்.

"ஏய் கமலம், கவர்ன்மென்ட் ரூலை எதுத்துப் பேசாதே! சீல் வெச்சுகீறாங்க இல்ல? போய் குந்து!" என்று அவர்தான் அதட்டி உட்கார வைப்பார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது.

பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. சேதி வந்ததும் நிவேதிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் கமலம் மட்டும் வந்தாள். அவளைப் பார்த்ததும் நிவேதிதாவுக்குக் குற்ற உணர்ச்சி. பாவம், வயசான பெண்மணியை மூன்று மாதம் ஏமாற்றி அலைக்கழித்துவிட்டோமே!

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ரூல் வந்து..."

"இல்லாத ரூலு. தெரியும்."

நிவேதிதா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மொத நாளே சீலைப் படிச்சிட்டேன். 'மருந்து இருப்பு சரிபார்க்கப்பட்டது'ன்னு கீது. எம் மருமவ இன்னா, இருமல் மருந்தா?"

நிவேதிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சீல் அது.

"தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் அப்படிச் சண்டை போட்டீங்க?"

"நான் சரின்னா எங்க ஊட்டுக்காரர் வேணாம்பாரு. நான் வேணாம்னு கத்தினாத்தான் 'ரூலை மதி'ம்பாரு. சீலைப் பாத்தா போதும், அதுல இன்னா எழுதிகீதுன்னு படிக்கவே மாட்டாரு."

கமலத்தின் குரல் இறங்கியது.

"மொதக் கொழந்தைக்கு, அந்த இருபது நாளும் கண்ணாடிப் பெட்டி வாசல்ல நின்னுகினு இருந்தவ நானு. மரமோ மருந்தோ, எதுனா ஒண்ணு இதைக் காப்பாத்தட்டும்னுதான் நெனச்சேன்."

நிவேதிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எடை ஏறினது மரத்தாலயா, மாத்திரையாலயா... எனக்கே தெரியாதும்மா."

"தெரிஞ்சிக்கினா போச்சு" என்ற கமலம், பையிலிருந்து புத்தம் புதுக் கார்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். "சின்ன மருமவளுக்கு மூணு மாசம். இதுலயும் அதே சீலைக் குத்து. ரூலை மட்டும் ரெண்டு மணி நேரமா மாத்திடு."