மூடியாச்சு

புதுக் குழாயைப் பழைய மெயின் குழாயோடு இணைக்கப் பள்ளத்தில் இறங்கியிருந்தோம். காண்ட்ராக்டரின் ஆட்களான நாங்கள் அந்த ஊருக்குப் புதிது. தெருக்கோடியில் வால்வை மூடியதும் வால்வுக்காரர் குழாயில் தட்டுவார்; இரும்பு வழியாக எங்களுக்குக் கேட்கும். பிறகுதான் அறுக்க வேண்டும். முந்திக்கொண்டால் பள்ளத்தில் இருப்பவர் அதோகதிதான்.

தட்டல் கேட்டது. மூன்று தட்டு; கொஞ்சம் விட்டு, மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல் இன்னொன்று.

அறுத்தோம். ஒரு சொட்டுகூட வரவில்லை.

அப்போதுதான் வால்வுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். வால்வைத் திருகும் நீளமான இரும்புச் சாவி அவர் தோளில் இருந்தது. ஊரில் இருப்பது அந்த ஒரு சாவிதான்.

"மன்னிச்சுக்கோங்க மேஸ்திரி, பஸ் லேட்டு. இன்னும் மூடவே இல்ல. அதுக்குள்ள யாரு அறுக்கச் சொன்னது?"

"நீங்கதானே தட்டினீங்க? மூணு தட்டி, அப்புறம் ஒண்ணு" என்றேன்.

அவர் சாவியைக் கீழே வைத்தார்.

"அது எங்க அண்ணன் தட்டுறது."

போன மழையில் அந்த வால்வுக் குழியில்தான் அண்ணன் மூழ்கி இறந்தாராம். வேலை தம்பிக்கு வந்திருந்தது.

இணைப்பை முடித்து போல்ட்டுகளை முறுக்கினோம். இனி அவர் போய்த் திறக்க வேண்டும். போகவில்லை. பள்ளத்தில் இறங்கி, என் ஸ்பானரை வாங்கிப் பழைய குழாயில் தட்டினார்.

"வேலை முடிஞ்சுதுண்ணே. திறந்து விடு."

நான் புதுக் குழாயின் மேல் கை வைத்திருந்தேன். அது மெல்லக் குளிர்ந்தது.