பாக்கி ஒரு வீடு

ஊர்க் கழிவுநீரெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வருகிறது என்று பேச்சு. ஆனால் எங்கோ ஒரு குழாய் மட்டும் திருட்டுத்தனமாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. நிலையத்து இன்ஜினியரம்மா விடுவதாக இல்லை. வீடு வீடாகப் போய்க் கழிப்பறையில் பச்சைச் சாயம் ஊற்றினாள். பச்சை எங்கே வெளிவருகிறதோ, குழாய் அங்கே போகிறது என்று அர்த்தம். எல்லா வீட்டுச் சாயமும் ஒழுங்காக நிலையத்துக்கே வந்தது. பாக்கி, வாய்க்குப் பேர்போன பெரியம்மாவின் வீடு ஒன்றுதான்.

“எங்க வீட்டு மேலயே சந்தேகமா?” பெரியம்மா வாசலை மறித்தாள்.

“நான் பேசிக்கிறேன், நீங்க கடற்கரைக்குப் போங்க,” என்று கூட வந்த நிலைய ஆபரேட்டரை அனுப்பினாள் இன்ஜினியரம்மா.

அவனுக்கு உள்ளூரக் குஷி. நாற்றம் தாங்கவில்லையென்று தினமும் நிலையத்துக்கே வந்து அவனை ஒரு பிடி பிடிப்பவள் அந்தப் பெரியம்மா.

சற்று நேரத்தில் போன் வந்தது. “ஊத்தியாச்சு. நல்லாப் பாருங்க.”

கண் கொட்டாமல் பார்த்தான். பாறை இடுக்கிலிருந்து பச்சை பீறிட்டது.

“வந்துடுச்சு மேடம்! அந்தம்மா வசமா மாட்டிக்கிச்சு!”

“அவங்க வீட்டுல இன்னும் ஊத்தவே இல்ல. ‘மொதல்ல உங்க ஆபீஸ் கக்கூஸ்ல ஊத்திட்டு வா’ன்னாங்க. ஊத்தினேன்.”

அவன் திரும்பி நிலையத்தைப் பார்த்தான்.

“கடப்பாரையோட வாங்க. இன்னிக்கே தோண்டி, குழாயை நம்ம டேங்குக்குத் திருப்பிடணும்.”

“நாளைக்குப் பாத்துக்கலாமே மேடம்…”

“முடியாது. பெரியம்மா இங்க ஆபீஸ் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க.”