சூடு ஆறாத வண்டி

கணவர் இறந்த பிறகும் அவருடைய பெரிய க்ரூசர் பைக்கை ஞாயிறுதோறும் அவள்தான் துடைத்துவந்தாள். ஆள் காலை நீட்டிப் படுத்ததுபோல ஷெட்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த வண்டி அது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. குரோமியத்தில் தூசி படியக் கூடாது என்று அவர் சொல்லிச் சொல்லியே, கை தானாகத் துணியைத் தேடும்.

வண்டியை விற்றுத் தருகிறேன் என்று கொழுந்தன் வந்தான். டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்தவன், சைலன்சரில் கை பட்டு அலறிவிட்டான்.

"என்ன அண்ணி, இப்பதான் யாராவது ஓட்டிட்டு வந்தாங்களா?"

"யாரு ஓட்டுவா? அண்ணன் போனதிலேருந்து சாவி உங்கிட்டதானே இருக்கு."

அவன் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது. அவள் களிம்பு தடவிவிட்டாள். பயம் வர வேண்டும் என்று தோன்றியது; வரவில்லை.

மெக்கானிக் வந்தார். "இன்ஜின்லதான் ஏதோ கோளாறு. பிரிச்சாதான் தெரியும்" என்று இன்ஜினை இறக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியும்போதே அடைமழை. அவள் ஷெட்டுக்குள் போய், சைலன்சருக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தாள். அனல் அடித்தது.

கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, இன்ஜின்ல ஒரு குறையும் இல்லையாம். மிச்ச வண்டியையும் எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டும்ப்பா. மழை விடட்டும்."

போனை வைத்துவிட்டு, ஈரம் காயாமல் கிடந்த இரண்டு தலையணை உறைகளைக் கொண்டுவந்து, சீட்டிலிருந்து சைலன்சர் பக்கமாகத் தொங்கவிட்டாள். மத்தியானத்துக்குள் இரண்டும் மொடமொடவென்று காய்ந்துவிட்டன.