முதலைப் பை

“ஷிப்பிங் பில்லுல ஆட்டுத்தோல்னு போட்டிருக்கேள். பையைப் பார்த்தா அசல் முதலை!” கஸ்டம்ஸ் அதிகாரி சுந்தரராமன் பையைத் தடவிப் பார்த்தார். “முதலைத்தோலை ஏற்றுமதி பண்ணினா ஜெயில்தான், தெரியுமோல்லியோ?”

தாராவியில் தோல்பை செய்யும் தங்கபாண்டி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

“ஆட்டுத்தோல்தான் சார்.”

“ஆதாரம்?”

ஆதாரம் தங்கபாண்டியின் செல்போனிலேயே இருந்தது. ஆனால் எடுக்கத்தான் கை வரவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்து, துணைக்குக் கூட வந்திருந்த மைத்துனன் காளிராஜைத் திரும்பிப் பார்த்தார்.

“மாப்ள, நீ வேணா வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்.”

“இந்த நேரத்துல உங்கள விட்டுட்டுப் போவனா அத்தான்?” அவன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

“சரி, வனவிலங்கு ஆபீஸுக்கே சொல்லிடறேன்.” அதிகாரி ரிசீவரை எடுத்தார்.

வேறு வழியில்லாமல் தங்கபாண்டி வீடியோவைப் போட்டுக் காட்டினார். அவருடைய பட்டறை மெஷின் ஆட்டுத்தோலை அழுத்த அழுத்த, அதில் முதலைச் செதில்கள் எழும்பிக்கொண்டிருந்தன.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, சரக்கை விடுவித்தார்.

காளிராஜ் சிரிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“அப்போ துபாய்ல என் கடைக்கு அசல் முதலைன்னு சொல்லி இத்தனை வருசமா நீங்க அனுப்புனதெல்லாம் ஆடா அத்தான்?”